துப்பாக்கி உரிமம், பணம், தேர்தல், சட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் முறையான உரிமம் பெற்று ஒரு .32 ரிவால்வர் வைத்திருப்பவன் நான். இது தெரிய வந்த நாளிலிருந்து உறவினர்களும் அலுவலக நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதிப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளையும் தேவைக்காகப் படித்தவன், அவ்வளவே. இடையிடையே என் சொந்தக் கருத்துகளும் வரும். அவற்றைச் சட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்ம ஊர்ல சாதாரண ஆள் துப்பாக்கி வச்சுக்க முடியுமா, சார்?

முடியும். 21 வயது நிறைந்த, குற்றப் பின்னணி இல்லாத, உடல்நலமும் மனநலமும் சரியாக உள்ள எந்தக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். மாவட்டங்களில் ஆட்சியரும், மாநகரக் காவல் ஆணையரகம் உள்ள நகரங்களில் ஆணையரும் உரிமம் வழங்குகிறார்கள். ஆனால் விண்ணப்பிக்கும் உரிமை வேறு, உரிமம் கிடைப்பது வேறு.

2016ஆம் ஆண்டு இறுதியில் உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி நாடு முழுவதும் சுமார் 33.69 லட்சம் உரிமங்கள் நடப்பில் இருந்தன. அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22,500. துப்பாக்கி வைத்திருப்பதை அங்கே பல குடும்பங்கள் கௌரவமாக நினைக்கின்றன, இங்கே "இவருக்கு எதற்கு?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது. என்னைக் கேட்டால், நம் ஊர் வழக்கமே மேல் என்பேன்.

உயிருக்கு ஆபத்துன்னு எழுதிக் கொடுத்தா உடனே கிடைச்சிடுமா?

கிடைக்காது. ஆபத்து இருக்கிறது என்று நீங்கள் எழுதினால் மட்டும் போதாது, விசாரிக்கும் அதிகாரி அதை நம்ப வேண்டும். விண்ணப்பம் உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு அனுப்பப்படும்; சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அந்த நிலைய அறிக்கை பெறப்பட வேண்டும். உங்கள் மீது வழக்கு உண்டா, அக்கம்பக்கத்தில் தகராறு உண்டா, குடிப்பழக்கம் உண்டா, நீங்கள் சொல்லும் மிரட்டலைப் பற்றி முன்பே புகார் கொடுத்திருக்கிறீர்களா என்றெல்லாம் விசாரிப்பார்கள். முன்பு ஒரு புகார்கூடக் கொடுக்காமல் "தொடர்ந்து மிரட்டல் வருகிறது" என்று எழுதுபவரின் விண்ணப்பம் பெரும்பாலும் அங்கேயே தளர்ந்துவிடும். இவற்றோடு மருத்துவச் சான்றும், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் தேவை.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 14ஆம் பிரிவும், மேல்முறையீடு செய்யலாம் என்று 18ஆம் பிரிவும் சொல்கின்றன. பொதுநலன் கருதிக் காரணத்தை விண்ணப்பதாரரிடம் வெளியிடாமல் இருக்கவும் அதே சட்டம் அதிகாரிக்கு இடம் தருகிறது. மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு என்பதால், மறுப்பு ஆணை கைக்கு வந்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

பேங்க் பேலன்ஸ், சொத்து எல்லாம் எவ்வளவு காட்டணும்?

சட்டப்படி எதுவும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நகைக்கடைக்காரர், நிதி நிறுவனம் நடத்துபவர், பெருந்தோட்ட உரிமையாளர் ஆகியோரிடமே துப்பாக்கியைப் பார்த்துப் பழகியதால், பணம்தான் தகுதி என்ற எண்ணம் ஊறிவிட்டது. அவர்கள் காட்டுவது சொத்தை அன்று. பெருந்தொகையைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டிய தொழில் தேவையை.

சரி, எல்லாம் சேர்த்து எவ்வளவு செலவாகும்?

உரிமக் கட்டணம் சிறு தொகைதான். செலவு ஆயுதத்தில் இருக்கிறது. கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014இல் பெண்களை மனத்தில் கொண்டு 'நிர்பீக்' என்ற சுமார் அரைக் கிலோ எடையுள்ள .32 ரிவால்வரை வெளியிட்டபோதே அதன் விலை ஏறக்குறைய 1.22 லட்சம் ரூபாய். மாதச் சம்பளத்தில் வாழும் எந்தப் பெண்ணை நினைத்து அந்த விலையை வைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வருக்கும் பிஸ்டலுக்குமான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. புகையிலைப் பொருள்கள், உல்லாசப் படகுகள் ஆகியவை இருக்கும் அதே பட்டியலில் கைத்துப்பாக்கியையும் சேர்த்துவிட்டார்கள். வரிக்கு முன் ஒரு லட்சம் ரூபாய் என்றால், முன்பு 1.28 லட்சம் கொடுத்து வாங்கியதை இப்போது 1.40 லட்சம் கொடுத்து வாங்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று அரசே ஒப்புக்கொண்டு உரிமம் கொடுத்தவரிடம் ஆடம்பரப் பொருளுக்கான வரியை வாங்குவது முரண் என்பது என் கருத்து. நண்பர் ஒருவரோ, இப்படியாவது எண்ணிக்கை குறையட்டும் என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இவை போகப் பூட்டுள்ள இரும்புப் பெட்டி, பராமரிப்பு எண்ணெய், தோட்டாக்கள் ஆகிய செலவுகள் உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

பழைய வெளிநாட்டு பிஸ்டல் வாங்கிப் போட்டா நிலம் மாதிரி விலை ஏறுமாமே?

விலை ஏறியது உண்மை. 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு தனியார் பயன்பாட்டுக்குத் துப்பாக்கி இறக்குமதி செய்வது ஏறத்தாழ நின்றுபோனதால், அதற்கு முன் நாட்டுக்குள் வந்த இங்கிலாந்து, பெல்ஜியம், ஜெர்மனி நாட்டு ஆயுதங்களே கைமாறிக்கொண்டிருக்கின்றன. சரக்கு குறைவு, ஆசைப்படுவோர் அதிகம். எனவே அவற்றின் தரத்துக்குச் சற்றும் பொருந்தாத விலை கேட்கப்படுகிறது.

ஆனால் இது முதலீடு ஆகாது. முதலாவதாக, 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதற்கு முன் மூன்று. மூன்று வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் ஒன்றைக் கைவிட வேண்டியிருந்தபோது, வாங்க ஆள் தேடி அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவதாக, வாங்குபவருக்கும் உரிமம் இருக்க வேண்டும்; தனிநபருக்கு நேரடியாக விற்பதானால் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் துறைக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கொடுக்க முடியும். மருத்துவமனைச் செலவுக்கு நாளை பணம் வேண்டும் என்றால் இது உதவாது. தங்கத்தை வாங்கிவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

9 எம்எம் கேட்டா தருவாங்களா?

அது தடைசெய்யப்பட்ட 'போர்' (bore, அதாவது குழல் விட்டம்) வகை. அதற்கான உரிமம் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் உள்ளது, சாதாரணமாகக் கிடைக்காது. நமக்குரியவை .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், .22, .315 ரைஃபிள், 12 போர் துப்பாக்கி போன்றவை.

ஏர் கன்னுக்கும் லைசென்ஸ் வேணுமா?

4.5 மில்லிமீட்டருக்கு மிகாத குழல் விட்டமும், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு வேண்டாம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு வேண்டும். உரிமம் வேண்டாம் என்பதால் அதை எடுத்துக்கொண்டு கொக்கு, புறா சுடலாம் என்று பொருளில்லை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதத்தின் வகையைப் பார்ப்பதில்லை.

அப்பா தவறிட்டார், அவரோட டபுள் பேரல் பீரோவிலேயே இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமா?

கூடாது. உரிமம் அப்பாவுடையது, அவர் மறைந்ததும் அது வீட்டாரைக் காப்பாற்றாது. துயரத்தில் இருக்கும் வீட்டில் யாரும் இதை நினைப்பதில்லை என்பது புரிகிறது. ஆனாலும் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டு, அதன் பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் உரிமம் கேட்க வேண்டும். உரிமமில்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. "அது அப்பாவின் நினைவு" என்பது நீதிமன்றத்தில் பதிலாகாது.

அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, அவர் அந்த ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, சட்டப்பூர்வ வாரிசு விண்ணப்பிக்க 2016 விதிகள் இடமளிக்கின்றன. இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். பாரம்பரியமாக வந்த துப்பாக்கியானாலும் மேலே சொன்ன இரண்டு என்ற வரம்புக்குள்தான் அடங்க வேண்டும்.

வேற மாநிலத்துல ஈஸியா எடுத்துத் தர்றேன்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். நம்பலாமா?

ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை வழங்கப்பட்ட 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்களைப் பற்றி சிபிஐ விசாரணை நடந்தது. அந்த மாநிலத்தில் வசிக்காதவர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு உரிமம் கொடுத்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. இன்று ஒவ்வொரு உரிமமும் தேசியத் தரவுத்தளத்தில் ஏறித் தனி அடையாள எண் பெற்றாக வேண்டும். அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது. முகவரிடம் கொடுக்கும் பணத்துக்கு நீங்கள் வாங்குவது ஒரு வழக்கை.

எலெக்‌ஷன் வந்தா ஏன் எங்க துப்பாக்கியை வாங்கி வச்சுக்கிறாங்க? நாங்க என்ன ரவுடியா?

இந்தக் கேள்வியில் உள்ள கோபம் எனக்கும் உண்டு, ஆனால் முழுதாக இல்லை. தேர்தல் அறிவிக்கப்பட்டு நன்னடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்ததும், மாவட்ட நிர்வாகம் உரிமதாரர்களின் பட்டியலை ஆராய்ந்து, ஆயுதத்தை ஒப்படைக்கும்படி ஆணையிடுகிறது. வாக்காளர்களை மிரட்டுவதற்கு உரிமம் பெற்ற ஆயுதங்களும் பயன்பட்ட வரலாறு இந்த நாட்டில் உண்டு என்பதால் அதன் நோக்கத்தில் குறை காண முடியாது. வங்கிக் காவலர்கள், போட்டிகளில் பங்கேற்கும் துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு.

தொல்லை தருவது காலம்தான். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்தது. ஆனால் பிற மாநிலங்களில் ஏழு கட்டங்களும் முடிந்து ஜூன் 4 அன்று எண்ணிக்கை நடந்த பிறகே ஆயுதங்கள் திரும்பக் கிடைத்தன. உயிருக்கு ஆபத்து என்று உரிமம் பெற்றவர் அந்த இரண்டரை மாதமும் வெறுங்கையோடு இருந்தார். ஆபத்து மட்டும் நன்னடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டு விடுப்பில் போய்விடவில்லை.

ஒப்படைக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். நிலையத்துக்குப் போகும் முன்பே தோட்டாக்களைத் தனியே எடுத்துவிட வேண்டும். எழுத்தர் முன்னால் ரிவால்வரின் உருளையைத் திறந்து ஆறு அறைகளும் காலியாக இருப்பதைக் காட்டி, துப்பாக்கியின் உடலில் பொறித்த எண்ணை அவர் உரிமப் புத்தகத்தோடு ஒப்பிட்டு எழுதும்வரை நின்று பார்க்க வேண்டும். ரசீதில் அந்த எண்ணும், தோட்டாக்களின் எண்ணிக்கையும், பிடியில் கீறல் இருந்தால் அதுவும் இருக்க வேண்டும். குழலுக்குள்ளும் உருளையின் மீதும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுங்கள். தோல் உறையில் வைத்துக் கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கடலோர மாவட்டங்களில் கோடைப் புழுக்கத்தில் இரண்டு மாதம் தோல் உறைக்குள் கிடந்த ரிவால்வர், உறையின் தையல் படிந்த கோட்டிலேயே துருவேறித் திரும்பி வரும்.

கோர்ட்டு எல்லாரும் ஒப்படைக்க வேண்டியதில்லைன்னு சொல்லிடுச்சாமே, கொடுக்காம இருந்தா என்ன?

பாதிதான் சரி. எல்லா உரிமதாரர்களையும் ஒரே ஆணையில் ஒப்படைக்கச் சொல்லக் கூடாது, ஒவ்வொருவரின் நிலையையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று சில உயர் நீதிமன்றங்கள் கூறியிருக்கின்றன. தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தலும் பிணையில் வெளியே இருப்போர், குற்றப் பின்னணி உள்ளோர், முன்பு கலவரத்தில் ஈடுபட்டோர் ஆகியோரையே முதன்மையாகக் குறிப்பிடுகிறது.

அதற்காக வந்த ஆணையை மேசையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. விலக்கு வேண்டுமென்றால் காரணத்தோடு, ஒப்படைப்பை ஆராயும் மாவட்டக் குழுவிடம் (Screening Committee) விண்ணப்பிக்கலாம். மறுத்தால் நீதிமன்றம் போகலாம். அதுவரை ஒப்படைப்பதே முறை. ஆணையை மீறினால், அடுத்த புதுப்பிப்பின்போது காவல் நிலைய அறிக்கையில் அது ஒரு வரியாக வந்து நிற்கும்.

காட்டுப்பன்றி கடலையை நாசம் பண்ணுது. லைசென்ஸ் இருக்கே, சுடலாமா?

சுடக் கூடாது. பயிர்ப் பாதுகாப்புக்காகத் தரப்படும் உரிமம் துப்பாக்கியை வைத்திருப்பதற்கானது. காட்டு விலங்கைக் கொல்வதற்குக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனி அனுமதி வேண்டும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். உழவருக்கு நேரடி அனுமதி இல்லை. கேரளத்தில் உள்ளாட்சிகள் உரிமம் பெற்ற உள்ளூர்க்காரர்களையே இதற்கு அமர்த்துகின்றன. இங்கும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்கும் உழவர்களின் பக்கம்தான் நான்.

திருடன் வீட்டுக்குள்ள வந்துட்டா சுட்டுடலாமா?

"சுடலாம்" என்று யாராவது ஒரே சொல்லில் பதில் சொன்னால் அவரிடமிருந்து விலகி இருங்கள். தற்காப்பு உரிமை 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, காவல் துறையை அணுக நேரம் இருக்கும்போது இந்த உரிமை இல்லை என்பவை அதன் அடிப்படை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம், கொள்ளை, இரவில் பூட்டுடைத்து நுழைவது போன்ற சூழல்களில் மட்டுமே எதிராளியின் உயிர் போகும் அளவுக்கு அது நீள்கிறது.

தோட்டத்தில் தேங்காய் திருடியவனைச் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. வீட்டுக்குள் வந்தவன் திரும்பி ஓடும்போது முதுகில் சுட்டாலும் பெரும்பாலும் ஆகாது. உள்ளே நுழைந்தவன் கையில் அரிவாளோடு உங்கள் அறைக் கதவைத் தள்ளும்போது சுட்டால், நீதிமன்றம் உங்கள் அச்சத்தை எடைபோடும். அப்போதும் துப்பாக்கி பறிமுதல் ஆகும், வழக்கு நடக்கும், ஆண்டுகள் போகும். நல்ல கதவும் தாழ்ப்பாளும் கண்காணிப்புக் கேமராவும் இதைவிட மலிவு. முதலில் அவற்றை வாங்குங்கள் என்பதே விசாரிப்பவர்களுக்கு நான் சொல்லும் யோசனை.

கல்யாணத்துல வானத்தைப் பார்த்து ஒரு ரவுண்டு, ஆயுத பூஜைக்கு ஒரு போட்டோ... இதுல என்ன தப்பு?

வானத்தைப் பார்த்துச் சுடுவது குற்றம். பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து நேரும்படி கொண்டாட்டத்துக்காகச் சுட்டால், 25ஆம் பிரிவில் 2019இல் சேர்த்த ஒன்பதாம் உட்பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன தோட்டா கீழே வந்தே தீரும்.

பூஜையறையில் துப்பாக்கிக்குச் சந்தனம் வைப்பது உங்கள் விருப்பம். அதைக் கையில் ஏந்தி மீசையை முறுக்கிய படத்தை வாட்ஸ்அப்பில் நிலைத்தகவலாக வைத்தால், பொதுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 17ஆம் பிரிவின்கீழ் உரிமத்தை நிறுத்திவைக்க அதிகாரிக்கு நீங்களே ஆதாரம் கொடுக்கிறீர்கள். கூடவே வீட்டில் துப்பாக்கி இருப்பதைத் திருடர்களுக்கும் அறிவிக்கிறீர்கள்.

குடகுக்காரங்களுக்கு லைசென்ஸே வேண்டாமாமே?

உண்மை. பிரிட்டிஷ் காலத்தில் 1861இல் தொடங்கிய விலக்கு அது. கொடவர் இனத்தவருக்கும் ஜம்மா எனப்படும் பரம்பரை நில உரிமை பெற்றவர்களுக்கும் அது பொருந்தும்; மத்திய அரசு 2019இல் அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. கைல்போத் விழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூடி வழிபடும் மரபு அவர்களுடையது. அவர்களும் விலக்குச் சான்று பெற வேண்டும். நம் மலைக் கிராமங்களில் தலைமுறையாக நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இப்படி விலக்கு ஏதும் கிடையாது. அவ்வப்போது காவல் துறை ஊர் ஊராக அறிவித்து, தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று சொல்லும் நாள்களில் கொடுத்துவிடுவதே அவர்களுக்கு வழி.

அமெரிக்கா மாதிரி இதை உரிமையாவே ஆக்கிட்டா இவ்வளவு அலைச்சல் இருக்காதே?

இது நம் நாட்டில் பேசி முடித்த விவாதம். 1931இல் காங்கிரஸின் கராச்சித் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றே சொன்னது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தால் நிராயுதபாணியாக்கப்பட்ட மக்களின் மனக்குறை அதில் இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் எதிர்த்தார், திருத்தம் தோற்றது. அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத்தான் தருகிறது.

துப்பாக்கி வைத்திருப்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன், அம்பேத்கர் பக்கம்தான் நான். சாதிக் கலவரத்தில் அரிவாளோடு நிற்கும் இரண்டு ஊர்களின் கையிலும் சட்டமே துப்பாக்கியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வெளிநாட்டுச் செய்திகள் தேவையில்லை. விண்ணப்பம் முடிவாக ஆகும் தாமதத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், கையொப்பமிடுகிறேன். விசாரணையே வேண்டாம் என்றால் மாட்டேன்.

வாங்கிட்டேன், இப்ப வேண்டாம்னு தோணுது. திருப்பிக் கொடுக்க முடியுமா?

முடியும். உரிமதாரர் தாமே கேட்டால் உரிமத்தை ரத்து செய்ய 17ஆம் பிரிவில் வழி இருக்கிறது. முதலில் ஆயுதத்தையும் மீதமுள்ள தோட்டாக்களையும் உரிமம் பெற்ற கடையில் விற்கவோ, காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ வேண்டும். தனியாருக்கு விற்பதானால் மேலே சொன்ன 45 நாள் விதி பொருந்தும். பிறகு அந்த ரசீதையும் உரிமப் புத்தகத்தையும் இணைத்து, உரிமம் வழங்கிய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரத்து ஆணையின் நகலைக் கையில் வாங்காமல் திரும்பி வராதீர்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் நீங்காமல் இருந்தால், அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கச் சொல்லி மறுபடியும் ஆள் வரும்.